வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைச் சுற்றி அமைந்திருந்தன. அடிக்கடி வரும் நெஞ்செரிச்சலுக்கு மருந்துச் சீட்டு இல்லாமல் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளும் மாத்திரைகளைப் பற்றியவை அவை. ஆகவே இந்த இதழின் பக்கங்களை முழுவதுமாக அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு 46 வயது. வங்கியில் காசாளராகப் பணிபுரிகிறேன். வாரத்தில் மூன்று, நான்கு நாட்கள் நெஞ்சு எரிகிறது. படுத்தால் புளித்த நீர் தொண்டை வரை எதுக்களித்து வருகிறது. இரண்டு ஆண்டுகளாகப் பான்டோப்ரசோல் 40 மில்லிகிராம் மாத்திரையை நானே கடையில் கேட்டு வாங்கி, எரிச்சல் வந்த இரவுகளில் சாப்பிட்ட பின் ஒன்று போட்டுக்கொண்டிருந்தேன். கடந்த ஆறு மாதமாகத் தினமும் போடுகிறேன். நிறுத்தினால் மூன்றாம் நாளே முன்பைவிட அதிகமாக எரிகிறது. இந்த மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும் என்று அலுவலக நண்பர் ஒருவர் சொன்னதிலிருந்து பயமாக இருக்கிறது. உடனே நிறுத்திவிடலாமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: உடனே நிறுத்த வேண்டாம், இப்போது எடுத்துக்கொள்ளும் விதத்திலேயே தொடரவும் வேண்டாம். இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன்.

முதலில் நேரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் என்னிடம் வருபவர்களில் பலர் தவறுவது இந்த இடத்தில்தான். இரைப்பையின் உட்சுவரில் உள்ள சில செல்களில் அமிலத்தை வெளியே தள்ளும் நுண்ணிய பம்புகள் இருக்கின்றன. அவற்றுக்குப் புரோட்டான் பம்பு என்று பெயர். ஒமெப்ரசோல், பான்டோப்ரசோல், ரபெப்ரசோல், எசோமெப்ரசோல் என்று பெயர் எதுவானாலும், இந்தக் குடும்பத்து மருந்துகள் அனைத்தும் அந்தப் பம்பைப் பூட்டிவிடுவதன் மூலமே வேலை செய்கின்றன. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் பம்பைத்தான் அவற்றால் பூட்ட முடியும். உறங்கிக் கிடக்கும் பம்பை அவை தொடுவதில்லை. இரவு முழுவதும் வயிறு காலியாக இருந்த பிறகு, காலையில் முதல் உணவு உள்ளே இறங்கும்போதுதான் பம்புகள் பெருமளவில் விழித்து ஓடத் தொடங்குகின்றன. மருந்தோ இரத்தத்தில் ஒன்றிரண்டு மணி நேரமே தங்குகிறது. எனவே காலை உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன், வெறும் வயிற்றில், தண்ணீருடன் விழுங்கினால்தான் மருந்தும் பம்பும் ஒரே நேரத்தில் சந்திக்கும். நீங்கள் இரவு உணவுக்குப் பின் போட்ட மாத்திரைகளில் பெரும்பகுதி இந்தச் சந்திப்பைத் தவறவிட்டிருக்கும். மாத்திரையை உடைக்கவோ, மெல்லவோ, பொடி செய்யவோ கூடாது. இரைப்பை அமிலம் மருந்தை முன்கூட்டியே சிதைத்துவிடாமல் இருப்பதற்காகத்தான் அதன் மேல் பூச்சு கொடுத்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் இதிலிருந்து தெரிகிறது. எரிச்சல் வந்தவுடன் போட்டு உடனே தணிவதற்கான மருந்து இதுவன்று. எல்லாப் பம்புகளும் ஒரே வேளையில் ஓடுவதில்லை என்பதாலும், உடல் புதிய பம்புகளைச் செய்துகொண்டே இருப்பதாலும், முழுப் பலன் தெரிய ஒன்று முதல் நான்கு நாட்கள் ஆகும். அந்த நேரத்து எரிச்சலைத் தணிக்க, அமிலத்தை நேரடியாகச் சமன் செய்யும் இளஞ்சிவப்பு நிறத் திரவமோ, சப்பி மெல்லும் மாத்திரையோ போதும். அவை சில நிமிடங்களில் வேலை செய்து, ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். இரண்டுக்கும் இடையில் இருப்பது ஃபமோடிடின். அரை மணி, ஒரு மணி நேரத்தில் தொடங்கிப் பத்து மணி நேரம் வரை காக்கும், ஆனால் நாள்தோறும் எடுத்தால் ஓரிரு வாரங்களில் உடல் அதற்குப் பழகிப்போய் பலன் குறையும்.

அடுத்து, நிறுத்தினால் ஏன் அதிகமாக எரிகிறது என்பது. நோய் முற்றிவிட்டது என்று நீங்கள் அஞ்சியிருப்பீர்கள். பெரும்பாலும் அப்படியன்று. அமிலம் நீண்ட காலம் குறைந்தே இருந்தால், உடல் அதை ஈடுகட்டுவதற்காகக் காஸ்ட்ரின் என்னும் ஹார்மோனை அதிகமாகச் சுரந்து, அமிலம் சுரக்கத் தூண்டும் செல்களையும் பெருக்கிக்கொள்கிறது. மாத்திரையைத் திடீரென நிறுத்தும்போது கடிவாளம் கழன்ற குதிரை போல அமிலம் பாய்கிறது. 2009-இல் வெளியான டென்மார்க் ஆய்வு ஒன்றில், நெஞ்செரிச்சலே இல்லாத நலமான தன்னார்வலர்களுக்கு எட்டு வாரம் எசோமெப்ரசோல் கொடுத்து நிறுத்தியபோது, அவர்களில் 44 சதவீதத்தினருக்கு அடுத்த சில வாரங்களில் நெஞ்செரிச்சல் போன்ற தொல்லைகள் தோன்றின. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் அது 15 சதவீதம்தான். நோயே இல்லாதவருக்கும் மாத்திரையை நிறுத்தினால் எரியும் என்றால், மூன்றாம் நாள் எரிச்சலை வைத்து 'எனக்கு ஆயுள் முழுவதும் மாத்திரை வேண்டும்' என்று நீங்கள் முடிவு செய்யக் கூடாது. அந்த எரிச்சல் சில வாரங்களில் தானாக அடங்கும்.

சிறுநீரகத்தைப் பற்றி உங்கள் நண்பர் சொன்னது முழுப் பொய்யுமன்று, முழு உண்மையுமன்று. மிக அரிதாகச் சிலருக்கு இந்த மருந்துகளால் சிறுநீரகத்தில் ஒவ்வாமை வகை அழற்சி ஏற்படுவது உண்மை. ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்களுக்குச் சிறுநீரகப் பாதிப்பு, எலும்பு முறிவு போன்றவை அதிகம் என்று சொன்ன ஆய்வுகள் பலவும் நோயாளிகளின் பதிவேடுகளைப் பார்த்துச் செய்தவை. ஏற்கெனவே நலிந்தவர்கள்தாம் இந்த மாத்திரையை அதிகம் எடுக்கிறார்கள் என்பதால் எது காரணம், எது விளைவு என்று அவற்றால் பிரித்துச் சொல்ல இயலவில்லை. இதய, இரத்தக் குழாய் நோயுள்ள 17,598 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குப் பான்டோப்ரசோல் 40 மில்லிகிராமும் மற்றவருக்கு வெற்று மாத்திரையும் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2019-இல் வந்தது. அதில் மருந்து எடுத்தவர்களுக்குக் குடல் தொற்று மட்டும் சற்று அதிகமாக இருந்தது. சிறுநீரக நோயிலும் எலும்பு முறிவிலும் வேறுபாடு தெரியவில்லை. மூன்றாண்டுகளுக்கு மேல் என்ன ஆகும் என்பதற்கு அந்த ஆய்வு பதிலாகாது. என்றாலும் பயந்து நடுங்க வேண்டியதில்லை. தேவை இருக்கிறதா என்று பார்க்காமலே தொடர்வதுதான் தவறு.

அமெரிக்காவில் 2003-இல் ஒமெப்ரசோல் மருந்துச் சீட்டு இல்லாமல் விற்க அனுமதி பெற்றபோது அதன் உறையில் அச்சிட்ட விதி இன்றும் எல்லோருக்கும் பொருந்தும். வாரத்தில் இரண்டு நாட்களோ அதற்கு மேலோ நெஞ்செரிச்சல் வருபவர்கள், 20 மில்லிகிராம், நாளுக்கு ஒன்று, 14 நாட்கள். அதன் பின் நிறுத்த வேண்டும். நான்கு மாதத்துக்குள் மறுபடி தொடங்க வேண்டியிருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். நம் நாட்டிலோ சட்டப்படி இது மருத்துவர் சீட்டுக்கே கொடுக்க வேண்டிய ஷெட்யூல் எச் மருந்து. உங்கள் கையிலுள்ள அட்டையைத் திருப்பிப் பாருங்கள். அந்த எச்சரிக்கை பொடி எழுத்தில் இருக்கும். கேட்டவுடன் கடையில் கிடைப்பதாலேயே, 14 நாட்கள் என்ற அந்தக் கணக்கை நமக்குச் சொல்ல யாரும் இல்லாமல் போய்விட்டது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. ஒரு மருத்துவரைப் பார்த்து, இரண்டாண்டுக் கதையை அப்படியே சொல்லுங்கள். எண்டோஸ்கோப்பி தேவையா என்று அவர் முடிவு செய்யட்டும். உணவுக்குழாயில் கடுமையான புண்ணோ வேறு காரணமோ இல்லையென்றால், பொதுவாக மாத்திரையைக் காலை வேளைக்கு மாற்றிச் சில வாரம் ஒழுங்காக எடுக்கச் செய்து, பின் 40-ஐ 20 ஆகக் குறைத்து இரண்டு முதல் நான்கு வாரம் வைத்திருந்து, அதன் பின் ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று இறக்கி நிறுத்துவோம். இடையில் எரிந்தால் திரவ மருந்தைக் கொண்டு சமாளிக்கலாம். நாட்காட்டியில் நாட்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தொப்பை இருந்தால் சில கிலோ எடை குறைப்பது எந்த மாத்திரைக்கும் குறையாத பலன் தரும். இரவு உணவுக்கும் படுக்கைக்கும் இடையில் மூன்று மணி நேரமாவது விடுங்கள். ஒன்பதரை மணிக்குப் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டுப் பத்து மணிக்குப் படுப்பவருக்கு எந்த மருந்தும் முழுதாக உதவாது.

கேள்வி: கடையில் கேட்டால் டாம்பெரிடோன் கலந்த காப்ஸ்யூலைத்தான் கொடுக்கிறார்கள். 'இதுதான் சார் நல்லாக் கேக்கும்' என்கிறார்கள். அதையே தினமும் எடுக்கலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: வேண்டாம். டாம்பெரிடோன் குமட்டலுக்கும் வாந்திக்குமான மருந்து. அமிலத்தைக் குறைப்பதில் அதற்குப் பங்கில்லை. இதயத் துடிப்பின் ஒழுங்கை அது சிலரிடம், குறிப்பாக முதியவர்களிடமும் இதய நோயாளிகளிடமும், கெடுக்கக்கூடும் என்பதால் ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014-இல் அதன் பயன்பாட்டைக் குமட்டல், வாந்திக்கு மட்டும், ஒரு நாளில் 30 மில்லிகிராமுக்கு மிகாமல், வழக்கமாக ஒரு வாரத்துக்குள் என்று சுருக்கியது. நம் ஊரில் விற்கும் பல காப்ஸ்யூல்களில் அந்த 30 மில்லிகிராமும் ஒன்றிலேயே அடங்கியிருக்கிறது. குமட்டல் இல்லாத ஒருவர் அதை மாதக்கணக்கில் விழுங்க எந்த நியாயமும் இல்லை. சில ஆன்டிபயாடிக்குகளோடும் பூஞ்சை நோய் மருந்துகளோடும் சேர்ந்தால் ஆபத்து கூடும். டாம்பெரிடோன் கலக்காத, அமிலக் குறைப்பு மருந்து மட்டும் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: என் அம்மாவுக்கு 67 வயது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், தைராய்டுக்கு ஒரு மாத்திரை, இரத்தசோகைக்கு இரும்புச்சத்து, எலும்புக்குக் கால்சியம் எடுக்கிறார். முழங்கால் வலிக்கு டைக்ளோஃபெனாக் அடிக்கடி போடுகிறார். அதனால் வயிறு எரிகிறது என்று இரண்டு ஆண்டுகளாகக் காலையில் ஒமெப்ரசோலும், சாப்பிட்ட பின் அமில மருந்துத் திரவமும் குடிக்கிறார். இப்போது கால் மரத்துப்போகிறது, களைப்பு தீரவில்லை என்கிறார். எல்லாம் சேர்ந்து ஏதாவது செய்கிறதா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: செய்யக்கூடும். இவ்வளவு தெளிவாக எழுதி அனுப்பியதற்கு நன்றி. இந்தப் பட்டியலை அப்படியே ஒரு தாளில் எழுதி அம்மாவின் மருத்துவரிடம் காட்டுங்கள்.

உணவிலுள்ள வைட்டமின் பி12 பிரிந்து உடலில் சேர இரைப்பை அமிலம் வேண்டும். மெட்ஃபார்மின் நெடுநாள் எடுத்தாலும் பி12 குறையும், அமிலக் குறைப்பு மாத்திரை நெடுநாள் எடுத்தாலும் குறையும். அம்மா இரண்டையும் எடுக்கிறார். அவர் சைவ உணவுக்காரர் என்றால் வரவே குறைவு. கால் மரத்துப்போவதைச் சர்க்கரையின் தலையில் மட்டும் சுமத்திவிடாமல், பி12 அளவைப் பார்க்கும் இரத்தப் பரிசோதனையைக் கேட்டுச் செய்யுங்கள். குறை இருந்தால் எளிதில் ஈடுசெய்யலாம். கவனிக்காமல் விட்டால் நரம்புப் பாதிப்பு நிரந்தரமாகவும் ஆகலாம். மெக்னீசியத்தையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

இரும்புச்சத்து மாத்திரையும் அமிலம் இருந்தால்தான் நன்றாகச் சேரும். மாதக்கணக்கில் இரும்பு எடுத்தும் ஹீமோகுளோபின் ஏறாததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால், தயவுசெய்து இதைக் கவனியுங்கள்: டைக்ளோஃபெனாக் எடுக்கும் 67 வயதுப் பெண்ணுக்கு இரத்தசோகை என்றால், இரைப்பையிலோ குடலிலோ புண் ஏற்பட்டுக் கண்ணுக்குத் தெரியாமல் இரத்தம் கசிகிறதா என்பதையே முதலில் கேட்க வேண்டும். மலம் தார் போலக் கறுத்துப் பிசுபிசுப்பாகப் போகிறதா என்று அம்மாவிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். இரும்பு மாத்திரையாலும் மலம் கறுக்கும் என்பதால் நாமாக ஊகிக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

தைராய்டு மாத்திரையை அமில மருந்துத் திரவம், இரும்பு, கால்சியம் மூன்றும் பிடித்துவைத்துக்கொள்ளும். எனவே அதிகாலையில் தைராய்டு மாத்திரையைத் தனியாக எடுத்து, இவற்றுக்கு நான்கு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். கால்சியம் கார்பனேட் வகைக்கு அமிலம் தேவை. கால்சியம் சிட்ரேட்டுக்குத் தேவையில்லை, ஆகவே மாற்றித் தரும்படி கேட்கலாம். திரவ மருந்திலுள்ள மெக்னீசியமும் அலுமினியமும், சிறுநீரகம் தளர்ந்தவர்களின் உடலில் தேங்கும். சர்க்கரை நோயாளியான அம்மாவுக்குச் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவை இரத்தத்தில் பார்க்காமல் அதைத் தினமும் கொடுக்காதீர்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்று: ஒமெப்ரசோலை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அம்மா டைக்ளோஃபெனாக் எடுக்கும்வரை அது அவரது இரைப்பைக்கு உண்மையான காவல். முதலில் விலக்க வேண்டியது டைக்ளோஃபெனாக் மாத்திரையை. முழங்காலுக்கு மேலே பூசும் ஜெல், மருத்துவர் சொல்லும் அளவில் பாராசிட்டமால், தொடைத் தசைக்கான பயிற்சி என்று வலிக்கு வேறு வழி ஏற்பட்டுவிட்டால், காவலும் அதன் பின் தேவைப்படாமல் போகலாம்.

கேள்வி: இரத்த அழுத்தம் உள்ளவர்கள் பொங்கும் உப்புத்தூளைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கலாமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: தவிர்க்க வேண்டும். அது சோடியம் பைகார்பனேட். ஒவ்வொரு பொட்டலமும் கணிசமான சோடியத்தை உடலில் சேர்க்கிறது. ஊறுகாயை ஒதுக்கிவிட்டு இதைக் குடிப்பதில் பொருளில்லை.

கேள்வி: எனக்கு 58 வயது. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் எடுக்கிறேன். இரண்டு வாரமாக மாடிக்குத் தண்ணீர்க் குடம் தூக்கிச் செல்லும்போது நெஞ்சு எரிகிறது. உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் சரியாகிறது. 'கேஸ்' என்று சொல்லிக் கடையில் ஒமெப்ரசோல் கொடுத்தார்கள். தொடரலாமா?
– வாசகர், மதுரை

பதில்: இந்தக் கடிதம் அச்சாகி உங்கள் கைக்கு வரும்வரை காத்திருக்கக் கூடாது என்று இதற்குத் தனியே அஞ்சலில் பதில் எழுதிவிட்டேன். உங்களைப் போன்ற மற்றவர்களுக்காக அதையே இங்கும் தருகிறேன்.

உழைக்கும்போது வந்து ஓய்ந்தால் போகும் எரிச்சல், மாறாக நிரூபிக்கப்படும்வரை இதய வலிதான். இரைப்பை எரிச்சலுக்குக் குடத்தின் பாரம் தெரியாது. உணவும் படுக்கையும் குனிவதும்தான் அதைக் கிளப்பும். இதயத்தின் வலியோ பலருக்கு, குறிப்பாகச் சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும், வலியாகத் தோன்றாமல் எரிச்சலாகவும் இறுக்கமாகவும் நெஞ்சடைப்பாகவும் தோன்றும். ஏப்பம் விட்டதும் குறைந்தது, மாத்திரை போட்டதும் குறைந்தது என்பதெல்லாம் இதயம் நலமாக இருக்கிறது என்பதற்குச் சான்றாகாது. அன்றைக்கே ஈ.சி.ஜி. எடுத்து இதய மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஓய்விலும் எரிச்சல் நீடித்தாலோ, தாடை, தோள், இடக்கை என்று பரவினாலோ, வியர்த்துக் கொட்டினாலோ 108-ஐ அழையுங்கள்.

மாத்திரையைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. குளோபிடோக்ரல் கல்லீரலில் ஒரு நொதியால் மாற்றப்பட்ட பிறகுதான் இரத்தம் உறைவதைத் தடுக்கும். ஒமெப்ரசோலும் எசோமெப்ரசோலும் அந்த நொதியைத் தடுப்பதால், ஸ்டென்டைக் காக்கும் மருந்தின் வலு குறைகிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதைப் பற்றி 2009-இலேயே எச்சரித்தது. ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சேர்த்து எடுப்பவருக்கு இரைப்பைக் காவல் தேவைப்படலாம்; அப்போது பான்டோப்ரசோலைத்தான் பெரும்பாலும் தேர்வோம். வயிறு எரிகிறது என்று ஆஸ்பிரினையோ குளோபிடோக்ரலையோ யாரும் தாமாக நிறுத்திவிடக் கூடாது.

கேள்வி: என் கணவருக்கு இரண்டு மாதமாக நெஞ்செரிச்சல். எண்டோஸ்கோப்பி செய்யச் சொல்கிறார்கள். மாத்திரை போட்டுப் பார்த்துவிட்டுப் போனால் போதாதா?
– வாசகி, வேலூர்

பதில்: அவரது வயதையும் மற்ற அறிகுறிகளையும் நீங்கள் எழுதவில்லை, அவற்றைப் பொறுத்தே பதில் மாறும். உணவு விழுங்கும்போது அடைப்பது, முயற்சியின்றி எடை குறைவது, இரத்த வாந்தி, கரிய மலம், இரத்தசோகை, ஓயாத வாந்தி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், அல்லது ஐம்பதுகளைத் தாண்டிய பின் முதன்முறையாக இத்தொல்லை தொடங்கியிருந்தாலும், மாத்திரையில் நாளைக் கழிக்காமல் உடனே பார்த்துவிட வேண்டும். புற்றுநோயிலும் தொடக்கத்தில் இந்த மாத்திரைகள் எரிச்சலைத் தணித்துவிடுவதால், அந்தத் தணிவை நம்பிப் பல மாதங்களை இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமிக்கான பரிசோதனையும் தேவைப்படலாம். இரைப்பைப் புண்ணுக்குக் காரமும் கவலையுமே காரணம் என்று உலகமே நம்பிக்கொண்டிருந்த காலத்தில், இந்தக் கிருமியைக் கண்டறிந்த ஆஸ்திரேலிய மருத்துவர்கள் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 2005-இல் நோபல் பரிசு பெற்றார்கள். மூச்சு, மலம் வழியாகவோ திசு எடுத்தோ இதைக் கண்டறியும் முன், அமிலக் குறைப்பு மாத்திரையை இரண்டு வாரமும் ஆன்டிபயாடிக்கை நான்கு வாரமும் நிறுத்தியிருக்க வேண்டும். இல்லையெனில் கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். கடையில் வாங்கிப் போட்ட மாத்திரையைப் பரிசோதிப்பவரிடம் மறைக்க வேண்டாம்.

கேள்வி: வீட்டில் ரானிடிடின் அட்டை ஒன்று இருக்கிறது. அதைத் தடை செய்துவிட்டார்களாமே?
– வாசகர், சேலம்

பதில்: அமெரிக்காவில் 2020 ஏப்ரலில் அதைச் சந்தையிலிருந்து முழுவதுமாக விலக்கச் சொன்னார்கள். மருந்தைச் சேமித்து வைக்கும்போது, குறிப்பாக வெப்பத்தில், புற்றுநோய்க்கு வாய்ப்பளிக்கக்கூடிய என்.டி.எம்.ஏ. என்னும் வேதிப்பொருள் அதில் கூடிக்கொண்டே போவது தெரியவந்ததுதான் காரணம். இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்தும் 2022-இல் அது நீக்கப்பட்டது. முன்பு எடுத்ததை நினைத்துக் கலங்க வேண்டாம். அதே வேலையைச் செய்யும் ஃபமோடிடினில் இந்தச் சிக்கல் இல்லை. பழைய அட்டையை எறிந்துவிடுங்கள்.

கேள்வி: என் மகள் ஏழு மாதக் கர்ப்பிணி. இரவெல்லாம் நெஞ்சு எரிந்து உட்கார்ந்தே இருக்கிறாள். பாலைக் குடித்தால் கொஞ்ச நேரம் தணிகிறது, பிறகு மறுபடி எரிகிறது. மாத்திரை கொடுக்கப் பயமாக இருக்கிறது.
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: வளரும் கருப்பை இரைப்பையை மேலே தள்ளுவதாலும், கர்ப்பகால ஹார்மோன்கள் உணவுக்குழாயின் கீழ்வாயைத் தளர்த்துவதாலும் வருவது இது, பிரசவத்தோடு போய்விடும். பால் தணிப்பது போலத் தோன்றினாலும் அதிலுள்ள புரதமும் கால்சியமும் அமிலத்தை மீண்டும் தூண்டுவதால்தான் பின்னர் எரிகிறது. ஆல்ஜினேட் கலந்த திரவம், உணவின் மேல் மிதவை போலப் படர்ந்து அமிலத்தை மேலே வரவிடாமல் தடுக்கும். இதைக் கர்ப்பிணிகளுக்கு நெடுங்காலமாகக் கொடுத்துவருகிறோம். அவளைப் பார்க்கும் மகப்பேறு மருத்துவரிடம் கேட்டே தொடங்குங்கள். இரும்பு மாத்திரைக்கும் இதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி இருக்கட்டும். பொங்கும் உப்புத்தூள் வேண்டாம். எரிச்சல் மேல்வயிற்று வலியாக மாறி, தலைவலியோ கண் மங்கலோ கால் வீக்கமோ சேர்ந்தால் அது இரத்த அழுத்தக் கோளாறாக இருக்கலாம். நேரம் பார்க்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

இன்றிரவே செய்யக்கூடியது ஒன்று உண்டு. தலையணைகளை அடுக்கி வைத்தால் கழுத்து மட்டும் மடங்கி வயிறு இன்னும் அழுந்தும். அதற்குப் பதிலாகக் கட்டிலின் தலைப்பக்கக் கால்கள் இரண்டுக்கும் அடியில் ஆறு அங்குல உயரத்துக்குச் செங்கல்லோ மரக்கட்டையோ அசையாமல் வைத்துக் கட்டில் முழுவதையும் சாய்த்துவிடுங்கள். அவளை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லுங்கள். அப்படிப் படுக்கும்போது இரைப்பை உணவுக்குழாயின் வாய்க்குக் கீழே தொங்கும், புளித்த நீர் மேலே ஏறுவது குறையும்.